ஹண்டர்வாலியின் மகள்

(திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்றைய கூட்டத்தில் நாம் ஒரு சண்டைப் படத்தைப் பற்றிப் பேசப் போவதாக நோட்டீசில் கண்ட நண்பரொருவர், மேடை ஏறுமுன்பே நம்மை வழிமறித்து, "ஏனுங்க, கோயில், ஜோசியம், ஜாதி எல்லாம் ஒழிஞ்சு போச்சுங்களா, சினிமாவைப் பேச வந்துட்டீங்க?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. ஒன்றும் ஒழிந்து போய்விடவில்லை. ஆனால் வாரம் முழுவதும் கட்டிங் மேஜையிலும், ஓவர்லாக் மிஷினிலும் முதுகு ஒடிய வேலை செய்கிற நம் மக்கள், சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தவுடன் எங்கு போகிறார்கள்? நம் பிரசங்கத்துக்கு நூறு பேர் வந்தால் சண்டைப் படத்துக்கு ஆயிரம் பேர் போகிறார்கள். ஆயிரம் பேர் மனதில் என்ன புகுகிறது என்பதைப் பற்றிக் கவலைப்படாமல் நூறு பேருக்கு மாத்திரம் பகுத்தறிவு சொல்லிக் கொண்டிருப்பது புத்திசாலித்தனமாகாது. அதனால்தான் சினிமா.

நாம் சொல்ல வந்த படம் பழைய படம். பம்பாயில் வாடியா என்கின்ற பார்சி சகோதரர் இருவர் 1933-ல் வாடியா மூவிடோன் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். பெரிய செலவுப் படங்களல்ல அவர்கள் எடுத்தவை. குதிரை, கத்தி, குஸ்தி, ஓடுகின்ற ரயிலின் மேல் சண்டை என்று, படித்த கனவான்கள் மூக்கைச் சுளிக்கின்ற ஸ்டண்டுப் படங்கள். 1935-ல் ஹண்டர்வாலி என்ற படத்தை வெளியிட்டார்கள். ஹண்டர் என்றால் இந்தியில் சவுக்கு. ஹண்டர்வாலி என்றால் சவுக்குக்காரி. துஷ்ட மந்திரி ஒருவன் ராஜாவைச் சிறைப்பிடித்து நாட்டைக் கொள்ளையிட, ராஜாவின் மகள் முகமூடி போட்டுக் கொண்டு, குதிரை ஏறி, கையில் சவுக்குடன் கிளம்பி அவன் ஆட்களை விளாசுகிறாள். கதை அவ்வளவுதான். படமோ பம்பாயில் 25 வாரங்களுக்கு மேல் ஓடிற்று. அவள் பெயரைச் சொல்லிச் சவுக்கும், பெல்ட்டும், தீப்பெட்டியும், சீட்டுக்கட்டும்கூட விற்றார்களாம்.

எட்டு வருஷம் கழித்து, 1943-ல், இதற்கு இரண்டாம் பாகம் வந்தது. பெயர் ஹண்டர்வாலி கி பேட்டி, அதாவது சவுக்குக்காரியின் மகள். அதற்குள் சகோதரர்கள் பிரிந்துவிட்டார்கள். தம்பி ஹோமி வாடியா பசந்த் பிக்சர்ஸ் என்று தனிக் கம்பெனி வைத்தார். புதுக் கம்பெனிக்குக் காசு வேண்டும். காசு கொடுத்தது பழைய சவுக்கு. ஆகவே சவுக்கை மறுபடி எடுத்தார். இந்திய சினிமாவில் முதல் முதல் வந்த இரண்டாம் பாகம் இதுதான் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாம் பாகம் என்பதைத் திருப்பூர்க்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. காதர்பேட்டைக்குப் போனால் செகண்ட்ஸ் சரக்குக் குவிந்து கிடக்கிறது. அதே துணி, அதே சாயம், அதே லேபிள். எங்கோ ஒரு தையல் பிசகு. இரண்டாம் பாகப் படங்களில் பெரும்பாலானவை இந்த இனத்தைச் சேர்ந்தவையே. ஆனால் இதைச் சினிமாக்காரன் கண்டுபிடித்த வித்தை என்று மாத்திரம் நினைத்து விடாதீர்கள். நம் புராணக்காரர்கள் என்றைக்கோ இதில் கைதேர்ந்தவர்கள். மீன் ஓடியது, உடனே ஆமை, ஆமை ஓடியது, உடனே பன்றி, இப்படியே ஒன்பது பாகம் எடுத்துவிட்டு, பத்தாவது பாகம் வரும் வரும் என்று விளம்பரம் மாத்திரம் இன்றுவரை செய்து கொண்டிருக்கிறார்கள்! இவர்களோடு பார்த்தால் சினிமாக்காரன் யோக்கியன். டிக்கெட் காசோடு நம்மை விட்டுவிடுகிறான். படம் சகிக்கவில்லை என்று சொன்னவனை நாஸ்திகன் என்று அவன் வைவதில்லை.

நிற்க, அந்தச் சவுக்கைப் பிடித்தவள் யார் என்பதைக் கேளுங்கள். நாடியா என்று பெயர். அவளுடைய உண்மைப் பெயர் மேரி ஆன் எவான்ஸ். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் 1908-ல் பிறந்து சிறுமியாக பம்பாய்க்கு வந்தவள். தகப்பனார் பிரிட்டிஷ் பட்டாளத்துக்காரர், முதல் மகாயுத்தத்தில் மாண்டுபோனார். பெண் வளர்ந்து கடையில் சாமான் விற்றாள், டைப் அடிக்கவும் சுருக்கெழுத்து எழுதவும் கற்றாள், நாட்டியம் பழகினாள், சர்க்கஸில் சேர்ந்தாள். பிறகே சினிமா. சண்டைக் காட்சிகளில் தனக்குப் பதிலாக இன்னொருவரை விடாமல் தானே குதித்தாள், தானே ஏறினாள், தடித்த ஆண்பிள்ளைகளைத் தோளில் தூக்கி எறிந்தாள். 1936-ல் வந்த மிஸ் பிராண்டியர் மெயில் என்ற படத்தில் ரயில் கூரையின் மேல் சண்டை போட்டாள். கடைசியாக 1968-ல், அறுபது வயதிலும் ஒரு சண்டைப் படத்தில் நடித்தாள்.

இவளுக்கு அந்தப் பெயர் வந்த கதை நமக்கு வேண்டியது. ஒரு ஆர்மீனிய ஜோசியக்காரி, உன் பெயர் 'ந' என்ற ஓசையில் ஆரம்பித்தால் அதிர்ஷ்டம் வரும் என்று சொன்னாளாம். அதன்படி நாடியா என்று வைத்துக் கொண்டாளாம். இதை இன்றைக்கும் எண் ஜோசியம், பெயர் ஜோசியம் பிழைப்பாகக் கொண்டவர்கள் கேட்டால் எவ்வளவு சந்தோஷப்படுவார்கள்! நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். குதிரையிலிருந்து விழுந்தபோது எழுந்தது 'ந'வா, அந்த அம்மாளா? வருஷக்கணக்காகச் சர்க்கஸில் தேகத்தை வளைத்தது யார்? 'ந' என்ற எழுத்தில் பெயர் வைத்துக் கொண்ட நாராயணன்களும் நாகராஜன்களும் நம் ஊரில் எத்தனை பேர் செக்கிங் மேஜையில் நின்று கால் வீங்கிக் கிடக்கிறார்கள்? அதிர்ஷ்டம் ஜோசியக்காரிக்குத்தான், அவள் பெயரையும் சேர்த்தல்லவா நாம் இன்று பேசிக் கொண்டிருக்கிறோம்!

இதனால் அந்தப் படத்தில் குற்றமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. சவுக்கை எடுத்தவள் என்ன செய்தாள்? துஷ்ட மந்திரியை விரட்டினாள். பிறகு? தகப்பனாரைத் திரும்பவும் சிம்மாசனத்தில் உட்கார வைத்தாள். குடியானவன் குடியானவனாகவே இருந்தான். ஒரு ஏழையின் மகள் சவுக்கு எடுக்கக் கூடாதா? அதற்கும் ராஜ ரத்தம் வேண்டுமா? அப்புறம் இரண்டாம் பாகத்தின் பெயரைப் பாருங்கள். சவுக்குக்காரியின் மகள்! வீரமும் பரம்பரைச் சொத்தாகிவிட்டது. அர்ச்சகன் மகன் அர்ச்சகன், ராஜா மகன் ராஜா, சவுக்குக்காரி மகள் சவுக்குக்காரி. பயிற்சியால் வந்த ஒன்றைப் பிறப்பால் வந்ததாக ஆக்குவதுதானே வருணாசிரமத்தின் முழு வித்தையும்?

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. 1943-ல் தாயின் சவுக்கு மகளுக்கு வந்ததென்று கொட்டகையில் கைதட்டியவர்கள், வீட்டுக்குப் போய்த் தங்கள் பூமியில் மகளுக்குப் பங்கு உண்டா என்று யோசித்தார்களா? 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாகாண மகாநாட்டில் பெண்ணுக்கும் ஆணுக்கும் சமமாகச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டபோது, குடும்பம் கெட்டுவிடும் என்று கூச்சல் போட்டார்கள். பிதிரார்ஜித சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-ல். அதுவும் அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவளுக்குக் கிடையாது. அந்தப் பாகுபாடும் ஒழிந்து இந்தியா முழுமைக்கும் சட்டமானது 2005-ல். சினிமாவில் மகளுக்குச் சவுக்குக் கிடைக்க எட்டு வருஷம். நிலத்தில் பங்கு கிடைக்க அறுபது வருஷம்.

அவள் வெள்ளைக்காரி, அதனால் ஜனங்கள் பொறுத்துக் கொண்டார்கள், நம் பெண்களுக்கு இதெல்லாம் ஆகுமா என்று கேட்பார்கள். நாடியாவின் காலத்திலேயே, 1937-ல், மின்னல்கொடி என்ற தமிழ்ப் படம் வந்தது. கே. அமர்நாத் எடுத்த அந்தப் படத்தில் கே.டி. ருக்மணி என்ற அம்மாள் ஆண் உடை தரித்துக் கொள்ளைக்காரியாக வந்து சண்டை போட்டார். 1939-ல் வீர ரமணி என்று மற்றொன்றிலும் நடித்தார். பார்த்த தமிழர்கள் யாரும் மயங்கி விழுந்துவிடவில்லை. சினிமாதானே என்பீர்களானால், வடகரைக்குப் போய்க் கேளுங்கள். மீனாட்சி அம்மாள் என்ற களரிப் பயிற்று ஆசிரியைக்கு 2017-ல் சர்க்கார் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது. அப்போது எழுபது வயதைத் தாண்டியவர். பட்டம் நமக்குப் பெரிதல்ல. எழுபது வயதுக்கு மேல் ஒரு பெண் கையில் வாளும் கேடயமுமாக ஆண்பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார் என்பதுதான் பெரிது.

தோழர்களே! சவுக்கைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தை விட்டுவிட முடியாது. சவுக்கும் பெண்ணும் சேர்ந்த காட்சியைப் பார்க்க பம்பாய்க்குப் போக வேண்டாம். தா.பேட்டைப் பக்கத்தில் வெள்ளாளப்பட்டி அச்சப்பன் கோயிலுக்கு விஜயதசமி அன்று போனால் போதும். பேய் பிடித்ததாகச் சொல்லப்படுகிற பெண்களை வரிசையாக மண்டியிட வைத்து, கைகளை மேலே தூக்கச் சொல்லி, பூசாரி சாட்டையால் அடிக்கிறார். பேய் போகிறதாம். வருஷா வருஷம் பத்திரிகைகளில் படம் வருகிறது. ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடி நிற்கிறது. நாம் கேட்கிறோம்: பிள்ளை இல்லாத கவலை, புருஷன் குடி, மாமியார் கொடுமை, தூக்கமில்லாமை, இவற்றால் வாடிக் கிடக்கும் பெண்ணுக்கு வைத்தியம் சாட்டையா? அந்தப் பேய்க்கு ஆண்பிள்ளைகளைக் கண்டால் ஏன் இவ்வளவு பயம்? குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை உதைக்கிறானே, அவனைப் பிடித்த பேய்க்கு எந்தக் கோயிலில் சாட்டை வைத்திருக்கிறார்கள்?

சினிமாவில் சவுக்கு பெண்ணின் கையில். கோயிலில் சவுக்கு பெண்ணின் முதுகில். இரண்டுக்கும் அதே ஜனங்கள்தான் கூடி நிற்கிறார்கள். முன்னதற்கு விசில், பின்னதற்குக் கன்னத்தில் போட்டுக் கொள்வது. எட்டுக் கை வைத்து, கைக்கொரு ஆயுதம் கொடுத்துக் காளியைக் கும்பிடுகிறவன், இரண்டு கை உள்ள தன் மகள் ஒரு கம்பு எடுத்தால் சகிப்பதில்லை.

நம் திருப்பூர் விஷயத்துக்கு வருவோம். இந்த ஊர் பனியன் தொழில் யார் கையால் நடக்கிறது? பாதிக் கை பெண்களுடைய கையல்லவா? கம்பெனி விட்டு இரவு கடைசி பஸ்ஸில் இறங்கி, விளக்கில்லாத பாதையில் தூக்குப் போசியை மார்போடு அணைத்துக் கொண்டு போகிறாளே, அவளுக்கு நாம் கற்றுக் கொடுத்த தற்காப்பு என்ன? சீக்கிரம் வந்துவிடு, தலை நிமிராமல் வா, என்பது மாத்திரம்தானே? இந்த வட்டாரத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று நடந்து வந்ததை நீங்கள் அறிவீர்கள். ஏழை வீட்டுப் பெண்களை மூன்று வருஷம் விடுதிக்குள் வைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை தருவது. இடையில் உடம்பு முடியாமல் வெளியே வந்தவர்கள் தொகையை இழந்ததுமுண்டு. வரதட்சணை 1961-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். அதற்குப் பணம் சேர்க்கும் திட்டத்துக்கோ மங்களகரமான பெயர்! உழைத்த கூலிக்குத் தாலியைப் பூட்டாகப் போட்டவர்கள் எந்தப் படத்துத் துஷ்ட மந்திரிக்கும் இளைத்தவர்களல்லர்.

இவ்வளவும் ஊரைச் சொன்னோம். நம் வீட்டையும் சொல்லிவிடுவதுதான் யோக்கியம். நம் மகள் ஒன்பதாவது வகுப்புப் படிக்கும்போது சிலம்பம் பழகப் போகிறேன் என்றாள். பக்கத்துத் தெருவிலேயே ஆசான் ஒருவர் இருந்தார். நாம், படிப்புக் கெட்டுவிடும் என்றோம். அது பொய். "கம்பு புடிச்ச கைய எவன் வந்து புடிப்பான்?" என்று நம் தாயார் கேட்டதும், உறவினர் நாலு பேர் சிரிப்பார்களே என்று நாம் அஞ்சியதும்தான் நிஜம். இருபது வருஷமாகப் பெண் விடுதலை பேசின வாய் இரண்டு வருஷம் வீட்டில் திறக்கவில்லை. சென்ற மாதம் பல்லடத்தில் பெண்கள் நிலைமையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு, மாலையும் கையுமாக வீட்டுக்கு வந்தோம். அவள் கதவைத் திறந்துவிட்டு, "ஏனுங்கப்பா, மேடையில பேசறது மொதல் பாகம், வீட்டுக்கு வந்தா ரெண்டாம் பாகம் செகண்ட்ஸுங்களா?" என்று கேட்டாள். நமக்குப் பதில் வரவில்லை. மாலையை எங்கு வைப்பதென்றும் தெரியவில்லை.

மறு வாரமே ஆசானிடம் போனோம். தனியாக ஒரு பெண்ணுக்குச் சொல்லித் தர முடியாது, நாலைந்து பேராவது சேர்ந்து வரட்டும் என்றார். ஆகவே நம் வாசகசாலைக்குப் பின்னால் உள்ள காலி இடத்தைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பம். ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்காக எட்டு மணிக்கு இரண்டாவது வகுப்பும் எடுக்க ஆசான் ஒப்புக் கொண்டிருக்கிறார். ஆண் தோழர்கள் வேடிக்கை பார்க்க வர வேண்டாம். அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் சோறாக்கி வைத்தால் போதும். இதுவரை பதினோரு பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கம்பு எட்டுத்தான் இருக்கிறது. மூங்கில் கொடுக்கக் கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் தலைவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.