பனித்தரையில் ஒரு பையன்: எந்த லீகில் சேர்ப்பது?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"விளையாட்டும் படிப்பும்" என்று பேசச் சொல்லி சங்கச் செயலாளர் கடிதம் எழுதியிருந்தார். எங்கள் பக்கத்தில் ஹாக்கி என்றால் கோவில்பட்டிதான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போவது அந்த ஹாக்கி அல்ல. கனடாவில் பனித்தரை மேல் சறுக்கிக்கொண்டு ஆடுகிறார்களே, அது. பக்கத்துக்கு ஆறு பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். மிசிசாகாவில் வேலைக்குப் போன எட்டு வருடத்தில் இதைக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். காரணம் என் அக்கா மகன். அவன் டிஃபன்ஸ்மேன், அதாவது தற்காப்பு ஆட்டக்காரன்.

2025இல் அவனுக்குப் பதினாறு வயது. ஒன்ராறியோ ஹாக்கி லீகில் வடக்கே ஓர் ஊர் அணி அவனைத் தேர்ந்தெடுத்திருந்தது. வீட்டிலிருந்து பஸ்ஸில் பல மணி நேரம். இன்னொரு பக்கம், வீட்டுக்கு அருகில் ஒரு ஜூனியர் ஏ அணி கூப்பிட்டது. அத்தானுக்குப் பெரிய லீக்தான் வேண்டும். அக்காவுக்கோ பிள்ளை கண் முன்னால் இருக்க வேண்டும். "நீ இன்ஜினியர்தானே, கணக்குப் போட்டுச் சொல்லுடா" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதலில் வழிகளைச் சொல்லிவிடுகிறேன். கனடியன் ஹாக்கி லீக் என்பது ஒன்ராறியோ, மேற்கு, கியூபெக் என மூன்று லீகுகளின் கூட்டமைப்பு. பெரும்பாலும் 16 முதல் 20 வயதுப் பையன்கள். ஒன்ராறியோவில் ஒரு சீசனுக்கு 68 ஆட்டம். செலவை அணியே பார்த்துக்கொள்ளும். வெளியூர்ப் பையன்கள் உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு தங்குவார்கள், இதை 'பில்லட்' என்கிறார்கள். அதற்குக் கீழே ஜூனியர் ஏ லீகுகள். அவற்றில் பல அணிகளுக்குப் பெற்றோர் பணம் கட்ட வேண்டும். அமெரிக்காவில் யு.எஸ்.எச்.எல். என்றொரு ஜூனியர் லீக், அதற்கு மேல் கல்லூரி ஹாக்கி. முதல் பிரிவில் மட்டும் 60க்கும் அதிகமான கல்லூரிகள் ஆடுகின்றன.

பல காலமாக இதில் ஒரு பொல்லாத முடிச்சு இருந்தது. கனடியன் ஹாக்கி லீகில் ஆடிய பையனைத் தொழில்முறை ஆட்டக்காரனாகக் கணக்கில் வைத்து, அமெரிக்கக் கல்லூரி அணியில் சேர்க்க மாட்டார்கள். ஆகப் பதினாறு வயதுப் பையன் ஒரு கையெழுத்தில் ஒரு கதவையே சாத்திவிட வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் அந்த விதியை மாற்றினார்கள், 2025 ஆகஸ்ட் 1 முதல் அமல். இப்போது இரண்டு வருடம் ஜூனியர் ஆடிவிட்டுக் கல்லூரிக்கும் போகலாம். தொழில்முறை ஒப்பந்தம் போடாமல் இருந்தால் சரி. எங்கள் வீட்டுப் பிரச்சினையில் பாதிச் சூடு இதிலேயே தணிந்தது.

மீதிப் பாதிக்குத்தான் கணக்கு. தயவுசெய்து பேப்பர் எடுக்க வேண்டாம், சுலபமான கணக்குதான்! ஆட்டம் 60 நிமிடம். ஒரே நேரத்தில் களத்தில் இரண்டு டிஃபன்ஸ்மேன்கள். மொத்தம் 120 ஆள்-நிமிடம். அணிக்கு ஆறு பேர், மூன்று ஜோடி. சராசரி 20 நிமிடம். ஆனால் கோச் சராசரி பார்த்து அனுப்புவதில்லை. முதல் ஜோடி 25 நிமிடம் ஆடும், கடைசி ஜோடிக்குப் பத்துப் பன்னிரண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். ஏழாவது ஆள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு காலரியில் உட்கார்ந்திருப்பான். பெரிய லீகில் 12 நிமிடம் வீதம் 68 ஆட்டமும் ஆடினாலும் 816 நிமிடம்தான். சின்ன லீகில் 22 நிமிடம் வீதம் 50 ஆட்டம் ஆடினால் 1,100. அத்தானிடம் இதைக் காட்டியபோது, "எதிரே ஆடுபவன் யார் என்று உன் கணக்கில் இல்லையே" என்றார். நியாயமான கேள்வி. பலவீனமான எதிரிகளோடு 1,100 நிமிடம் ஆடினால் கெட்ட பழக்கங்கள்தான் வளரும்.

முன்கள ஆட்டக்காரன் தவறு செய்தால் பின்னால் காப்பாற்ற ஆள் உண்டு. டிஃபன்ஸ்மேன் தவறினால் அவனுக்குப் பின்னால் கோல்கீப்பர் மட்டுமே. அதனால் கோச்சுகள் பதினாறு வயதுக்காரனை நம்பத் தயங்குவார்கள். பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே ஆட்டத்தைப் படிப்பது, இருபது வயது ஆளை மூலையில் தோளால் தாங்குவது, இதெல்லாம் மெதுவாகத்தான் கைகூடும். ஸ்வீடனின் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 1989 தேர்வில் 53ஆவது ஆள். இன்னும் இரண்டு வருடம் சொந்த நாட்டிலேயே ஆடிவிட்டு 1991இல் டெட்ராய்ட் வந்தார். சிறந்த டிஃபன்ஸ்மேனுக்கான நாரிஸ் விருது அவருக்கு ஏழு முறை கிடைத்தது. கால்கரியில் பிறந்த கேல் மகார், ஆல்பர்ட்டாவின் ஜூனியர் ஏ லீகில் ஆடி, மாசசூசெட்ஸ் கல்லூரியில் இரண்டு வருடம் இருந்து, 2019இல் என்.எச்.எல். வந்தார். 2022இல் நாரிஸ் விருதும் ஸ்டான்லி கோப்பையும் அவர் கையில். உடனே ஜூனியர் ஏதான் சரியென்று முடிவு கட்டாதீர்கள். ட்ரூ டவுட்டி ஒன்ராறியோ லீகில் குவெல்ஃப் அணிக்கு ஆடி, 2008இல் இரண்டாவது ஆளாகத் தேர்வாகி, பதினெட்டு வயதிலேயே பெரிய களத்தில் நின்றார். இந்தப் பெயர்களை வைத்து நம் வீட்டுப் பையனுக்கு முடிவெடுப்பது, சச்சினைப் பார்த்துப் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்துவது மாதிரி.

ஆகவே லீகின் பெயரை விட்டுவிட்டு, அந்த அணியைக் கேள்வி கேட்கச் சொன்னேன். போன வருடத்து டிஃபன்ஸ்மேன்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள்? வலது கையால் அடிப்பவர்கள் எத்தனை பேர்? (நம்மவன் வலது கை. அது அரிது, அதனால் கிராக்கி உண்டு.) டிஃபன்ஸுக்குத் தனி கோச் இருக்கிறாரா? பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை பஸ்ஸில் யார் சொல்லிக்கொடுப்பது? வடக்கு அணியின் மேலாளர் ஒளிக்காமல் பதில் சொன்னார்: ஐந்து பேர் திரும்பி வருகிறார்கள், இவன் ஏழாவது ஆளாகத் தொடங்குவான், கிறிஸ்துமஸுக்குப் பிறகு பார்க்கலாம். அந்த நேர்மைக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை.

கடைசியில் பையனையே கேட்டோம். அதுவரை யாரும் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை. "மாமா, எனக்கு உட்கார்ந்து பார்க்கப் பிடிக்காது. ஆனா அடுத்த வருஷம் நான் போவேன்" என்றான். அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த சீசன் வீட்டிலிருந்தே ஜூனியர் ஏ ஆடுவது என்று முடிவாயிற்று. வடக்கு அணியின் உரிமை அவன் மேல் அப்படியே இருக்கிறது. கட்டணத்தில் ஒரு பங்கை நான் ஏற்றுக்கொண்டேன். அத்தான் இன்னும் முழுசாக சமாதானம் ஆகவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஸ்டாப்வாட்ச் வைத்து அவன் களத்தில் இருந்த நிமிடங்களை எழுதி, ராத்திரியே எனக்குப் போன் செய்கிறார். 19, 23, ஒரு நாள் 14.

அந்தப் 14 எதனால் என்று இந்தச் சந்திப்புக்கு விமானம் ஏறும் வரை எங்களுக்குள் விவாதம் நடந்துகொண்டுதான் இருந்தது.