கண்ணைத் திறக்கும் படிகமும் ஈய மணலும்



கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெரியவர் ஒருவராவது இல்லாத குடும்பம் குறைவு. சிகிச்சை முடிந்து சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து, "திரும்பவும் மங்கலா தெரியுதுப்பா" என்று சிலர் சொல்வார்கள். கண்புரை திரும்பி வருவதில்லை. உள்ளே வைத்த செயற்கை வில்லையைத் தாங்கும் மெல்லிய உறைதான் பின்பக்கத்தில் மங்கிவிடுகிறது. அதற்கு மருத்துவர் கத்தியைத் தொடுவதில்லை. நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்து லேசர் கதிரைச் செலுத்துகிறார். உறையில் ஒரு சிறு வழி திறக்கிறது. சில நிமிட வேலை; பார்வை தெளிந்துவிடுகிறது.

அந்த லேசருக்கு யாக் லேசர் என்று பெயர். யிட்ரியம், அலுமினியம், கார்னெட் ஆகிய மூன்று சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. இன்றைய பேச்சு அந்தப் படிகத்தைப் பற்றியது.

யிட்ரியம் ஓர் அரிய மண் தனிமம். அதன் ஆக்சைடையும் அலுமினிய ஆக்சைடையும் 1,900 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்குகிறார்கள். உருகிய குழம்பில் ஒரு சிறு விதைப் படிகத்தைத் தொட வைத்து, சுழற்றிக்கொண்டே மிக மெதுவாக மேலே இழுக்கிறார்கள். நீண்ட, கண்ணாடி போன்ற படிகம் வளர்ந்து வருகிறது.

அதன் உள்ளே எப்படி இருக்கும்? ஓர் அடுக்குமாடி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். யிட்ரியம் 3, அலுமினியம் 5, ஆக்சிஜன் 12 என்பது கணக்கு. அலுமினியத்துக்கு இரண்டு வகை அறைகள். ஒன்றில் நான்கு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்திருக்கும், மற்றதில் ஆறு. யிட்ரியத்தின் அறை பெரியது. அங்கே எட்டு ஆக்சிஜன்கள். இப்படி 160 அணுக்கள் சேர்ந்தால் ஒரு கனசதுரம். அதே கனசதுரம் படிகம் முழுவதும் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கிறது.

இந்த ஒழுங்கினால் என்ன பயன்? கனசதுர அமைப்பு என்பதால் எந்தத் திசையில் போனாலும் ஒளியின் வேகம் ஒன்றே. படிகம் கடினமானது, வெப்பத்தை நன்றாகக் கடத்தும். அதே இரண்டு ஆக்சைடுகளையும் வேறு விகிதத்தில், ஒரு யிட்ரியத்துக்கு ஓர் அலுமினியம் என்று சேர்த்தால் பெரோவ்ஸ்கைட் என்ற வேறு அமைப்பு பிறக்கிறது. அதில் திசைக்குத் திசை குணம் மாறும். பொருள் ஒன்றுதான், அடுக்கு மாறினால் குணம் மாறிவிடுகிறது.

யாக் படிகம் தானாக ஒளி தருவதில்லை. அதற்கு ஒரு விருந்தாளி வேண்டும். யிட்ரியத்தின் அறைகளில் நூற்றில் ஒன்றை நியோடிமியம் என்ற இன்னோர் அரிய மண் தனிமத்துக்குக் கொடுக்கிறார்கள். அது சற்றுப் பெரிய ஆள் என்பதால் அதிகம் பேரை நுழைக்க முடியாது. விளக்கொளியை விழுங்கும் நியோடிமியம், 1,064 நானோமீட்டர் அலைநீளத்தில் கண்ணுக்குத் தெரியாத கதிரைத் தருகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1964-இல் இந்த லேசர் பிறந்தது. அதே அறையில் சீரியத்தைக் குடிவைத்தால், அது நீல ஒளியை வாங்கி மஞ்சளைத் தரும். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் கண்ணுக்கு வெள்ளை. 1996-இல் சந்தைக்கு வந்த வெள்ளை எல்இடி விளக்கின் இரகசியம் இதுதான்.

சரி, இந்த அரிய மண் எங்கிருந்து வருகிறது?

யிட்ரியத்துக்குப் பெயர் கொடுத்தது சுவீடனின் இட்டர்பி கிராமம். ஆனால் பேராக் மாநிலத்து மக்களுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. ஈயச் சுரங்கங்களில் மணலை அலசி ஈயத்தை எடுத்த பிறகு மிஞ்சும் கனத்த மணலை அமாங் என்பார்கள். அதில் செனோடைம், மோனசைட் என்ற தாதுக்கள் உண்டு. செனோடைமில் யிட்ரியமும் மோனசைட்டில் சீரியம், நியோடிமியமும் இருக்கின்றன. கூடவே கதிரியக்கத் தோரியமும் இருக்கிறது.

ஈப்போ அருகே புக்கிட் மேராவில் 1982-இல் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. தோரியக் கழிவை அஞ்சிய குடியிருப்பாளர்கள் 1985-இல் வழக்குத் தொடுத்தார்கள். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்கில் தோற்றும் மக்கள் ஓயவில்லை. 1994-இல் ஆலை மூடப்பட்டது. அதன் பிறகும் கழிவை அகற்றிப் புதைக்கும் வேலை பல ஆண்டுகள் நீடித்தது. பகாங்கின் கெபெங்கில் 2012 முதல் ஆஸ்திரேலியத் தாதுவைப் பிரிக்கும் ஆலை இயங்குகிறது. அங்கும் விவாதம் தோரியம் கலந்த கழிவைப் பற்றியதுதான்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மருத்துவரின் கருவியில் உள்ள யாக் படிகத்தால் கதிரியக்க ஆபத்து இல்லை. ஆபத்து, தாதுவைப் பிரிக்கும் இடத்தில் மிஞ்சும் கழிவில்தான். அரிய மண்ணே வேண்டாம் என்று சொன்னால் பெரியவரின் கண்ணுக்கு யார் பதில் சொல்வது? வேலைவாய்ப்பு வந்தால் போதும் என்று சொன்னால் புக்கிட் மேரா தாய்மார்களுக்கு யார் பதில் சொல்வது?

ஆகவே ஆலை வரும்போதே மூன்று கேள்விகளுக்கு விடை எழுத்தில் வர வேண்டும். கழிவு எவ்வளவு? அது எங்கே, எத்தனை காலம் வைக்கப்படும்? காவல் யார், செலவு யாருடையது? இவற்றைக் கேட்கும் குடிமகனை வளர்ச்சிக்கு எதிரி என்று ஒதுக்கக்கூடாது. மங்கிய கண்ணுக்கு வழி திறக்கும் அதே அக்கறை, மணல் கிடக்கும் ஊரிலும் இருக்கட்டும்.