மொட்டைமாடிக் குழாய் எங்கே போகிறது?

(மும்பை உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இதைப் பின்னால் படிக்கப்போகும் வெளியூர் உறுப்பினர்களுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன். உதாரணங்கள் எல்லாம் மாட்டுங்கா, செம்பூர் என்றே வரும். சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் அவரவர் பேட்டையின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மும்பையில் தரைக்கடியில் இரண்டு தனித்தனி அமைப்புகள் ஓடுகின்றன. சமையலறை, குளியலறை, கழிப்பறை ஜலம் ஒன்றில் போகிறது. அது வர்ளி, பாந்த்ரா போன்ற இடங்களில் உள்ள சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே செய்யும் சுத்திகரிப்பு போதுமா என்பது வேறு கதை. மற்றொன்று மழைஜலத்துக்கானது. மொட்டைமாடியிலிருந்து இறங்கும் குழாய், ரோட்டு ஓரத்து இரும்பு ஜாலி, அதிலிருந்து நாலா, நாலாவிலிருந்து கழிமுகம், கடல். இந்த வழியில் சுத்திகரிப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது. ஜாலியில் ஒரு வாளி அழுக்குத் தண்ணீரைக் கொட்டினால், அது கொட்டியபடியே கடலுக்குப் போகிறது.

மித்தி நதியைப் பாருங்கள். விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழியும் ஜலம்தான் அதற்கு உற்பத்தி. சாக்கிநாக்கா, குர்லா வழியாக, விமான நிலைய ஓடுபாதைக்கு அடியிலேயே புகுந்து, தாராவியை ஒட்டி மாஹிமில் கடலில் கலக்கிறது. மொத்தம் 18 கிலோமீட்டர்தான். மித்தி என்ற பெயருக்கு இனிப்பு என்று அர்த்தம். இன்று பாலத்தின் மேல் ரயில் போகும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம்.

2005 ஜூலை 26-ஐ இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அதே சமயம் கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். மும்பையில் மட்டும் நானூறு பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் கணக்கில் கட்டப்பட்டவை. அதை இரட்டிப்பாக்க வேண்டும் என்று 1993-லேயே அறிக்கை கொடுத்தாகிவிட்டது. அறிக்கை தூங்கியது. மேலும் பல வடிகால்களின் வாய் கடல் ஏற்றத்தின்போது மூழ்கிவிடும். உள்ளே இருக்கும் ஜலம் வெளியே போகாது. கிங்ஸ் சர்க்கிளில் வருஷா வருஷம் முழங்கால் ஜலம் நிற்கிறதே, பள்ளமான இடம் என்பதோடு இதுவும் ஒரு காரணம். அப்பகுதிக்கு உதவ வேண்டிய மாஹுல் பம்பிங் நிலையம், உப்பளத்து நிலம் சம்பந்தமான சிக்கலில் பல வருஷங்கள் இழுபட்டது.

கார்ப்பரேஷன் செய்ய வேண்டியது மலையளவு இருக்கிறது என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மித்தியில் தூர் வாரிய கணக்கில் 65 கோடி ரூபாய் மோசடி என்று 2025 மே மாதம் போலீஸ் வழக்கே பதிவாகியிருக்கிறது. ஆனால் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் நம் பங்கு மறைந்துபோகிறது.

இன்னொரு சாக்கு, தாராவி. "அங்கிருந்துதானே குப்பை வருகிறது" என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். தாராவி மித்தியின் வால் பகுதியில் இருக்கிறது. மேலே பவாயிலிருந்து குர்லா வரை விழுந்த அத்தனையும் அந்த வாசலில்தான் வந்து நிற்கும். அங்கே பல சந்துகளில் ஒழுங்கான கழிவுநீர் இணைப்பு இல்லை, திறந்த சாக்கடைதான் என்பது வாஸ்தவம். ஆனால் நமக்குக் குழாய் இருந்தும் தப்பான குழாயில் விடுகிறோம். போதாக்குறைக்கு, நாம் தூக்கி எறியும் எண்ணெய் டப்பாவையும் உடைந்த பக்கெட்டையும் பொறுக்கிக் கழுவி, உருக்கி, மறுபடி பிளாஸ்டிக்காக்குவது அதே தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டு. அந்த வேலை நடக்காவிட்டால் நாலாக்கள் இன்னும் சீக்கிரம் அடைபட்டிருக்கும்.

தப்பான குழாய் என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். செம்பூரில், மாட்டுங்காவில், பால்கனியை மூடி அறையாக்கியவர்கள் அநேகம். இடம் கிடைத்ததும் வாஷிங் மிஷின் அங்கே போய்விடுகிறது. தண்ணீர் வெளியேற வழி? பக்கத்திலேயே மழைக்குழாய் இறங்குகிறது. பிளம்பர் ஒரு ஓட்டை போட்டு இணைத்துவிடுகிறார். அன்று முதல் அந்த அகத்துச் சோப்புத் தண்ணீர் முழுவதும் நேரே நாலாவுக்குத்தான். செம்பூரானால் மாஹுல் கழிமுகத்துக்கு. அதை அடுத்த சிவ்ரி சேற்றில்தான் குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து மேய்கின்றன. குழந்தைகளை அழைத்துப் போய்க் காட்டுகிறோம். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. பிளம்பருக்குச் சுலபம், நமக்குத் தெரியவில்லை, சொசைட்டி கமிட்டி பார்க்கவில்லை.

நிர்மால்யம் விஷயமும் இப்படித்தான். கால் படாத இடத்தில் சேர்க்க வேண்டும் என்பதுதான் நம் வழக்கம். அதற்கு நகரத்தில் நாம் கண்டுபிடித்த வழி, பிளாஸ்டிக் பையில் கட்டிப் பாலத்திலிருந்து வீசுவது! அருண ப்ரச்னம் பாராயணம் செய்கிறவர்களுக்குத் தெரியும், ஜலத்தில் துப்பக்கூடாது, மலஜலம் கழிக்கக்கூடாது என்றெல்லாம் அதில் விதித்திருக்கிறது. பிளாஸ்டிக் பை அந்தக் காலத்தில் இல்லை. இருந்திருந்தால் அதையும் சேர்த்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். பூவும் துளசியும் தொட்டியில் மண்ணோடு போட்டால் சில வாரங்களில் உரமாகிவிடும். அங்கேயும் கால் படாது.

பண்டிகை முடிந்து வடை பொரித்த எண்ணெயையும், வீடு ரிப்பேர் செய்த சிமெண்டுக் கரைசலையும் வாசல் ஜாலியில் ஊற்றாதீர்கள். எண்ணெய் உறைந்து படியும், சிமெண்டு கல்லாகிவிடும். கல்யாணக் காண்ட்ராக்டர்களைப் பேசும்போது, மீந்த எண்ணெயை என்ன செய்வீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பயோடீசலுக்கு வாங்கிக்கொள்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள்.

அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2017 ஆகஸ்ட் 29 மழையில், தேங்கிய ஜலம் வடியட்டும் என்று ரோட்டில் ஒரு மேன்ஹோல் மூடியைத் திறந்து வைத்தார்கள். காரை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்துவந்த பிரபல டாக்டர் ஒருவர் அதில் விழுந்து போனார். இரண்டு நாள் கழித்து வர்ளிக்கருகே கடலோரத்தில்தான் உடல் கிடைத்தது. ஆகவே மழையில் மூடியைத் தயவுசெய்து யாரும் நீங்களாகத் திறக்காதீர்கள்.

கடைசியாக ஒரு சோதனை. செலவில்லாதது. மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோரும் துணி துவைக்கும் வேளையில், கட்டடத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு மழைக்குழாயின் அடியையும் பாருங்கள். மழையே இல்லாத மாதத்தில் அங்கே ஜலம் வந்தால் அது மழைஜலம் அல்ல. எந்த மாடியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, சண்டை போடாமல், சொசைட்டி செலவிலேயே குழாயை மாற்றிக் கொடுத்துவிடலாம். சென்னை உறுப்பினர்கள் மே மாதத்தில் பாருங்கள். பார்த்தவர்கள் எத்தனை குழாயில் ஜலம் வந்தது என்று நம் பத்திரிகைக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.