பெயரும் பட்டப்பெயரும்

(காஞ்சிபுரத்தில் நடந்த ஆசிரியர் கலந்துரையாடல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் நம் எல்லோருக்கும் ஒரே வேலைதான். புது வருகைப் பதிவேட்டுக்கு அட்டை போட்டு, கோடு கிழித்து, பெயர்களை எழுதுவோம். முகங்களைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே நாற்பது பெயர்களைப் படித்துவிடுகிறோம். யாழினி என்று எழுதும்போது மனத்தில் ஒரு பிள்ளை வருகிறாள். முனியம்மாள் என்று எழுதும்போது வேறொருத்தி வருகிறாள். கையெழுத்து எப்படி இருக்கும், வீட்டுப்பாடம் முடிப்பாளா, அப்பாவுக்கு என்ன தொழில் என்பதுவரை மனம் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. யாரும் சொல்லித் தரவில்லை. இந்தப் படம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் தமிழாசிரியை. அதனால் ஒலியிலிருந்து தொடங்குகிறேன். 1929இல் கோலர் என்ற ஜெர்மானிய உளவியல் அறிஞர், முள் முள்ளாக ஓர் உருவத்தையும் வளைவு வளைவாக ஓர் உருவத்தையும் வைத்து, பொருளே இல்லாத இரண்டு சொற்களில் எது எதற்குப் பொருந்தும் என்று பார்த்தார். 2001இல் வி. எஸ். ராமச்சந்திரனும் ஹப்பார்டும் அதையே 'கிகி', 'பூபா' என்ற சொற்களைக் கொண்டு விளக்கினார்கள். ஏறக்குறைய எல்லோரும் முள் உருவத்தைக் கிகி என்கிறார்கள், உருண்டதைப் பூபா என்கிறார்கள். எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் வரைந்து கேட்டேன், அதே விடைதான். ஒரு மாணவி மட்டும், "பூபாவிலும் வல்லினம்தானே டீச்சர் இருக்கு?" என்று மடக்கினாள். நல்ல கேள்வி. உயிரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊகாரத்துக்கு இதழ் குவிகிறது, இகரத்துக்கு இதழ் விரிகிறது. எந்த எழுத்து வாயில் என்ன செய்கிறது என்று நாம் நடத்தும் பிறப்பியல் பாடம் இது. தொல்காப்பியர் செய்யுளியலில் வல்லிசை வண்ணம், மெல்லிசை வண்ணம் என்று தனித்தனியே பிரித்துச் சொன்னதும் இந்தக் காதை நம்பித்தான்.

கதை எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 'சிவகாமியின் சபதம்' நம் ஊர்க் கதை. அதில் வரும் புத்த பிக்குவுக்குக் கல்கி நாகநந்தி என்று பெயர் வைத்தார். நாகம் என்ற சொல் காதில் விழுந்ததுமே வாசகர் உஷாராகிவிடுகிறார். அந்தப் பாத்திரம் என்ன செய்யப்போகிறது என்று பெயரே பாதி சொல்லிவிடுகிறது.

ஆனால் இதே காஞ்சியில் இன்னொரு பிக்குவும் இருக்கிறார். மகேந்திரவர்மப் பல்லவர் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகம் இந்த ஊர்த் தெருக்களில்தான் நடக்கிறது. கள்வெறியில் தள்ளாடும் ஒரு காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, வழியில் போகும் பிக்குவைத் திருடன் என்று பிடித்துக்கொள்கிறான். அந்தப் பிக்குவின் பெயர் நாகசேனன். ஆசைகள் நிறைந்தவர்தான், ஆனால் கபாலத்தை எடுத்தது அவரல்ல, ஒரு நாய். குற்றம் சாட்டுகிற குடிகாரனுக்கு அரசர் வைத்த பெயர் சத்தியசோமன்! பெயருக்கும் ஆளுக்கும் உள்ள தூரத்திலேயே பாதிச் சிரிப்பு வந்துவிடுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். பாலி மொழியில் நாகன் என்பது பாம்பை மட்டும் குறிக்காது. யானையையும் சான்றோரையும்கூடக் குறிக்கும். பௌத்தர் காதுக்கு அது மரியாதையான பெயர், நம் காதுக்குத்தான் சீறுகிறது. ஒரு பெயரைக் கேட்டதும் நமக்கு வரும் எண்ணத்தில் பெயரின் பங்கு எவ்வளவு, நம் காதின் பங்கு எவ்வளவு என்று யோசிக்க இந்த இரண்டு பிக்குகளும் போதும்.

இதை நாடகமாகவே எழுதிக் காட்டியவர் இந்த ஊரில் 1909இல் பிறந்த அறிஞர் அண்ணா. 'வேலைக்காரி' 1949இல் படமாகவும் வந்தது. நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். வேதாசல முதலியார் பெரிய பணக்காரர். அவர் வீட்டு வேலைக்காரி அமிர்தம். மகன் மூர்த்தி அவளை விரும்புகிறான், அப்பா ஏற்கவில்லை. பிறகு அதே பெண் ஒரு செல்வரின் மகளாக, சுகிர்தம் என்ற பெயரோடு வருகிறாள். இப்போது முதலியாருக்கு அவளை மருமகளாக ஏற்பதில் தடையே இல்லை. அந்தப் பக்கம், அவரால் தந்தையை இழந்த ஏழை ஆனந்தன், பரமானந்தன் என்ற பணக்காரனின் பெயரைப் போட்டுக்கொண்டு வந்து மருமகனே ஆகிவிடுகிறான். அமிர்தத்துக்கும் சுகிர்தத்துக்கும் இடையே எத்தனை எழுத்து வேறுபாடு? ஆனந்தன் என்பதற்கு முன்னால் ஒரு 'பரமா', அவ்வளவுதான். ஆள் மாறவே இல்லை, பார்க்கிறவருடைய கண் மட்டும் மாறுகிறது. ஒன்பதாம் வகுப்புக்குக் கதையைச் சொல்லிவிட்டு, முதலியார் யாரைப் பார்த்தார் என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதில்களுக்கு ஒரு பாடவேளை போதாது.

இனிதான் நம் வகுப்பறை. கதையில் பெயர் வைக்கிறவரும் விதியை எழுதுகிறவரும் ஒரே ஆள். அதனால் அங்கே பெயரைப் பார்த்து ஆளை ஊகிக்கலாம், ஊகம் பெரும்பாலும் பலிக்கும். படித்தும் படம் பார்த்தும் நமக்கு அது பழக்கமாகிவிட்டது. நம் படங்களில் வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு முனியம்மா என்றல்லாமல் வேறு பெயர் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? அந்தப் பழக்கத்தோடு பதிவேட்டைத் திறக்கிறோம். ஆனால் பதிவேட்டில் இருக்கும் பெயரை அந்தப் பிள்ளை எழுதவில்லை. அது வைத்தவரைப் பற்றித்தான் பேசுகிறது.

வடமாவட்டங்களில் வேலை பார்த்தவர்களுக்கு மண்ணாங்கட்டி என்ற பெயர் தெரிந்திருக்கும். பிச்சை, குப்பு, குப்பம்மாள் எல்லாம் தெரியும். வகுப்பில் கூப்பிட்டால் மற்றப் பிள்ளைகள் சிரிக்கும். முன்பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில், இதுவாவது தங்க வேண்டும் என்று குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுப்பார்கள், அல்லது நாலு வீட்டில் பிச்சை கேட்டு வந்து பெயரிடுவார்கள். மதிப்பில்லாத பொருள் என்று நினைத்து எமன் விட்டுவிட்டுப் போகட்டும் என்ற நம்பிக்கை. ஒரு தாய் தன் குழந்தையைக் கண்ணில் படாமல் மறைத்துவைக்கச் செய்த ஏற்பாடு அந்தப் பெயர். அதைவிடச் செல்லமான பெயர் உண்டா?

கேட்பதற்கு அதே மாதிரி இருக்கும், ஆனால் முற்றிலும் வேறான பெயர்களும் உண்டு. திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களில் பெண்ணுக்கு 'வேண்டாம்' என்று பெயர். இன்னும் சில ஊர்களில் போதும்பொண்ணு. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று வைத்தது. மராட்டியத்தில் இதையே நகுசா என்பார்கள், வேண்டாதவள் என்று பொருள். 2011 அக்டோபரில் சதாரா மாவட்டத்தில் அப்படிப் பெயர் கொண்ட 285 பெண்களுக்கு ஒரே விழாவில் புதுப்பெயர் வைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். பலர் தங்கள் பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள்.

பிச்சையையும் வேண்டாமையும் ஒரே சிரிப்பில் சேர்த்துவிடாதீர்கள் என்பதற்காகவே இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். நம் வகுப்பில் வேண்டாம் இருந்தால், பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் அனுப்புவதற்கு வெகுமுன்பே பெற்றோரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். அதற்கும் முன்னால் அவளைக் கேட்க வேண்டும். மாற்ற விரும்பாத பெண்ணும் இருப்பாள். இதே பெயரோடு படித்துக் காட்டுகிறேன் என்பாள். அது அவள் உரிமை.

சாதிக்கு வருகிறேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. அன்று நம் ஊரும் அந்த மாவட்டம்தான். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்ற தீர்மானம் அங்கேதான் வந்தது. இன்று நம் பதிவேட்டில் பெயரும் தலைப்பெழுத்தும் மட்டும் இருப்பதன் பின்னால் அந்த வரலாறு இருக்கிறது. வேறு மாநிலத்திலிருந்து வரும் நண்பர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆனாலும் குலதெய்வத்தின் பெயர், மதம், பெயர் பழையதா புதியதா என்பதிலிருந்து நாம் எதையோ படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

படிப்பதோடு நின்றால் பரவாயில்லை, மதிப்பெண்ணிலும் இறங்குகிறது. 1973இல் அமெரிக்காவில் ஹராரி, மெக்டேவிட் என்ற இருவர் ஐந்தாம் வகுப்புக் கட்டுரைகளில் வெவ்வேறு பெயர்களை எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். டேவிட், மைக்கேல் போன்ற விருப்பமான பெயருக்குக் கூடுதல் மதிப்பெண், எல்மர், ஹியூபர்ட் போன்ற பழம்பெயருக்குக் குறைவு. ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்ற பொருளியல் ஆய்வாளர்கள் நம் நாட்டிலேயே செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. விடைத்தாளின் முகப்பில் பிள்ளையின் வயது, பாலினம், சாதி ஆகிய விவரங்களைக் குலுக்கல் முறையில் மாற்றி ஒட்டினார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று காட்டிய தாளுக்கு மதிப்பெண் சற்றுக் குறைந்தது. வேறுபாடு சிறியதுதான். ஆனால் இரண்டு செய்திகள் என்னைத் தூங்கவிடவில்லை. ஒன்று, குறைத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் அதே பிரிவுகளைச் சேர்ந்த ஆசிரியர்கள். 'நானே அங்கிருந்து வந்தவன், எனக்கு அந்த எண்ணம் வராது' என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது. இரண்டாவது, கட்டின் தொடக்கத்தில் திருத்திய தாள்களில்தான் வேறுபாடு அதிகம். அளவுகோல் கைக்கு வரும்வரை மனம் முகப்பைப் பார்த்துக்கொள்கிறது போலும்.

பொதுத்தேர்வில் முகப்புச் சீட்டை எடுத்துவிட்டுத்தான் நம்மிடம் தாளைத் தருகிறார்கள். பருவத் தேர்வில் நாமே செய்துகொள்ளலாம். பெயரைக் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும் என்பீர்கள், உண்மைதான். அப்படியானால் பத்துத் தாள் திருத்தியபின் முதல் ஐந்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். கால் மணி நேரம் ஆகும்.

கடைசியாகப் பட்டப்பெயர். தமிழில் அரசனின் விருதுக்கும் அதே சொல், பள்ளியில் வைக்கும் கேலிப்பெயருக்கும் அதே சொல். நம் கைலாசநாதர் கோயிலைச் சுற்றியுள்ள சிற்றாலயங்களில் இராஜசிம்ம பல்லவன் தன் பட்டப்பெயர்களை இருநூறுக்கு மேல் வெட்டிவைத்திருக்கிறான். ரணஜயன், ஸ்ரீபரன், அத்யந்தகாமன், வாத்தியவித்தியாதரன் என்று போகிறது. உலகம் தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை அவனே எழுதிக்கொண்டான், ஆயிரத்து முந்நூறு ஆண்டாக நிற்கிறது. நம் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. குண்டு, கருவாயன், டியூப்லைட் என்று யாரோ வைக்கிறார்கள், பெஞ்சில் காம்பஸ் முனையால் கீறுகிறார்கள். சில சமயம் வைப்பது நாமாகவும் இருக்கிறோம். மக்கு என்ற சொல் மாணவரிடமிருந்து வகுப்புக்குள் வந்ததாகத் தெரியவில்லை.

சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பைக் கைலாசநாதர் கோயிலுக்கு அழைத்துப் போனேன். 1890இல் வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அந்தப் பட்டங்கள் அச்சாகியிருக்கின்றன. அதிலிருந்து இருபதைப் பொருளோடு எழுதிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்பவருக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் என்று காரணமும் எழுதச் சொன்னேன். காரணம் கட்டாயம். பெஞ்சில் தாளம் போட்டே பெயர் வாங்கிய ஒரு பையனுக்கு வாத்தியவித்தியாதரன் கிடைத்தது. தறியில் அம்மாவுக்கு உதவிவிட்டுத் தினமும் தாமதமாக வரும் ஒரு பெண்ணுக்கு அவள் தோழி ரணஜயன் என்று கொடுத்து, 'போரில் வென்றுவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறாள்' என்று எழுதியிருந்தாள். அடுத்த வாரம் கணக்கு ஆசிரியர் என்னிடம் வந்து, "யாரும்மா அது ரணஜயன்? வருகைப் பதிவேட்டில் அப்படி ஒருத்தரும் இல்லையே?" என்று கேட்டார்.