குழந்தைகள் வீடும் நமது வீடும்
(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



குழந்தைகளுக்குப் பெரியோர் புத்திமதி கூறுவது உலக வழக்கம். இன்று அந்த வழக்கத்தைச் சிறிது மாற்றி, குழந்தைகளுக்கென வகுத்த கல்விமுறையிலிருந்து வளர்ந்தோராகிய நாம் கற்கவேண்டியதைச் சிந்திப்போம்.

மரியா மொன்ரிசோரி அம்மையாரின் பெயரை இங்கே அறியாதார் இலர். பாலர் வகுப்பையே அவர் பெயரால் அழைக்கும் நாடு நமது நாடு. 1870ஆம் ஆண்டு இத்தாலியிலே பிறந்த அவர் வைத்தியக் கல்வி பயின்றவர். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆந் திகதி, உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியிலே தமது முதல் நிலையத்தைத் தொடங்கினார். 1939இல் அடையாறு பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்தார். யுத்தகாலத்தை இந்தியாவிலே கழித்த அவர், 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். 1952இல் ஒல்லாந்திலே காலமானார்.

அந்த நிலையத்துக்குப் 'பள்ளிக்கூடம்' என்று பெயர் அமையவில்லை. 'குழந்தைகள் வீடு' என்பதே அதன் பெயர். அங்கே கதிரையும் மேசையும் குழந்தையே தூக்கி வைக்கத்தக்கவை. அலுமாரிகள் குழந்தையின் கைக்கு எட்டுபவை. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் உண்டு. எடுத்தவரே எடுத்த இடத்தில் வைத்தல் வேண்டும். கூட்டுதல், நீர் வார்த்தல், பொத்தான் பூட்டுதல், கைகழுவுதல் என்பனவும் அங்கே பாடங்களே. உடையும் பீங்கானையும் கண்ணாடியையும் அவர் குழந்தைகளின் கையிலே கொடுத்தார். கவனத்தைக் கற்பிக்க உடையும் பொருளே தக்க ஆசான் என்பது அவர் கருத்து.

இனி நம் வீட்டுக்கு வருவோம். காலையிலே திறப்பைத் தேடுகிறோம், மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறோம், அடையாள அட்டையைத் தேடுகிறோம். தேடும் நேரம் வீணாவது ஒருபுறமிருக்க, "எடுத்தது யார்?" என்ற கோபம் வீட்டாரின் மேற் பாய்கிறது. குற்றம் பெரும்பாலும் ஆளிடத்தில் இல்லை. பொருளுக்கு இடம் இல்லாமையே குற்றம். வாசலருகே அடித்த ஓர் ஆணி, திறப்பைப் பற்றிய சச்சரவைத் தீர்த்துவிடும்.

அம்மையாரின் கருவிகளுள் ஒன்று, பத்து உருளைகள் பொருந்தும் மரக்கட்டை. ஓர் உருளையைப் பிழையான குழியில் இட்டால், கடைசியில் ஒன்று இடமின்றி மிஞ்சும். ஆசிரியர் 'பிழை' என்று சொல்லவேண்டியதில்லை, பொருளே சொல்லிவிடும். இதனை வீட்டிலும் கைக்கொள்ளலாம். சுவரிலே சுத்தியல், குறடு ஆகியவற்றின் வடிவத்தை வரைந்து அவற்றை மாட்டினால், திரும்பி வராத ஆயுதத்தை வெற்றிடமே காட்டிக் கொடுக்கும். ஏழு நாளுக்கும் ஏழு அறை கொண்ட மருந்துப் பெட்டியிலே செவ்வாய்க்கிழமை அறை காலியாகவில்லையெனில், குளிசையை மறந்தமை தெரிந்துவிடும். ஒருவரையொருவர் நச்சரிக்கவேண்டிய தேவையும் குறையும்.

அதே உருளைக் கருவியில் ஈடுபட்ட ஒரு சிறுமி, சுற்றிலும் பிள்ளைகள் பாடி ஆடியபோதும் நாற்பது தடவைக்கு மேல் அந்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்ததை அம்மையார் கண்டார். அதன்பின், ஈடுபட்டிருக்கும் குழந்தையை இடைமறித்தலாகாது என்பதை ஒரு நெறியாகவே கொண்டார். இன்று நம்மை இடைமறிப்பது கையிலுள்ள தொலைபேசி. படிக்கும் வேளையிலே அதற்கும் அடுத்த அறையில் ஓர் இடம் வகுப்போம். பெரியோரும், படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைச் சிறு ஏவல்களுக்காக அழைக்காதிருத்தல் நன்று.

இவை யாவற்றிலும் முக்கியமான ஒன்றை இனிச் சொல்லவேண்டும். தானே செய்யக்கூடியதைக் குழந்தைக்கு நாம் செய்துகொடுத்தால், அதன் வளர்ச்சியைத் தடுத்தவர்களாவோம் என்பது இம்முறையின் அடிப்படை. நம் வீடுகளிலே இந்தத் தடை அன்பின் வடிவிலே இருமுறை வருகிறது.

முதலாவது, இளமையில். இருபத்தைந்து வயது மகனுக்குத் தாயார் சோறு போட்டு, கோப்பையைக் கழுவி, சட்டையையும் அழுத்திக் கொடுக்கிறார். தொழிலுக்காக வெளியூர் சென்றதும் அவன் ஒரு பிடி அரிசி வேகவைக்க அறியாது தவிக்கிறான். தோழர்களே, இதனை மாற்றத் தாயார் சொல்லும்வரை நாம் காத்திருத்தல் தகாது.

இரண்டாவது, முதுமையில். "நீங்கள் சும்மா இருங்கோ அப்பா, நாங்கள் பார்க்கிறோம்" என்கிறோம். பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுதல், காய்கறி நறுக்குதல், கணக்கெழுதுதல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறோம். மரியாதை என்று நாம் நினைப்பது, அவருக்கு 'நான் இனி வேண்டாதவன்' என்ற எண்ணத்தைத் தருகிறது. கமரன் காம்ப் என்னும் அமெரிக்க உளவியலறிஞர், மொன்ரிசோரி முறையை ஞாபகசக்தி குன்றிய முதியோருக்கு 1990களிலே கையாளத் தொடங்கினார். ஞாபகம் குன்றியவருக்கும் கைவேலை ஒன்று வேண்டும்; அவருக்கு எஞ்சியுள்ள ஆற்றலைக் கொண்டு அவ்வேலையை அமைத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஆகவே பெரியவரின் கையிலிருந்து வேலையைப் பறிக்குமுன் வீட்டைப் பார்ப்போம். தேயிலைப் பேணி எட்டாத உயரத்தில் இருக்கிறதா? அதைக் கீழே இறக்குவோம். பேணியின் மேலெழுத்துச் சிறிதா? பெரிதாக எழுதி ஒட்டுவோம். குளியலறை வழியில் இருளா? ஒரு விளக்குப் போடுவோம். முடியாததற்கு மட்டும் கைகொடுப்போம். பெரியோர்களும், இளையோர் முதன்முறை காய்ச்சும் கஞ்சி அடிப்பிடித்தாலும் அகப்பையைப் பறிக்காது பொறுத்தருள வேண்டுகிறோம்.

இந்த வாரமே ஒவ்வொருவரும் ஒன்று செய்வோம். வீட்டிலே அடிக்கடி தொலையும் ஒரு பொருளுக்கு இடம் வகுப்போம். பிறர் நமக்குச் செய்யும் ஒரு வேலையை நாமே ஏற்போம். முதியவர் ஒருவரிடமிருந்து நாம் வாங்கிக்கொண்ட ஒரு வேலையை அவர் விரும்பினால் அவரிடமே திருப்பிக் கொடுப்போம். இவற்றுக்குப் பணச்செலவு அதிகமில்லை. சிறிது பொறுமையே வேண்டும்.