கண்ணில் படாத காய்ச்சல்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கொசுவைப் பற்றி ஓர் அதிகாரி பேச வருகிறார் என்றால், சாக்கடையைத் தூர் வாருங்கள், மருந்து தெளியுங்கள் என்ற பழைய பல்லவிதானே என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். அவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் இன்று நான் சொல்ல வந்தது வேறு. ஒருவரும் படுக்கையில் விழாத ஊரிலும் நோய்க் கிருமி குடியிருக்கக் கூடும். அதை எவ்வாறு துப்பறிகிறார்கள், அதற்கு நாம் செய்யவேண்டிய உதவி என்ன என்பதே என் பேச்சு.

ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்ற நோயை எடுத்துக்கொள்வோம். பெயரில் ஜப்பான் இருந்தாலும், நம் நாட்டில் மனிதரிடம் இது முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1955ஆம் ஆண்டில் நம் வேலூரிலேதான். 1973இல் வங்காளத்தில் பாங்குரா, பர்த்வான் மாவட்டங்களில் பெருவாரியாகப் பரவியது. 2005இல் உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாக்கி, ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அவர்களிற் பெரும்பாலோர் குழந்தைகள். கடுங் காய்ச்சல், வலிப்பு, நினைவு தப்புதல் என்று நோய் முற்றியவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறப்பதுண்டு. பிழைத்தவர்களிலும் பலருக்குக் கை கால் முடக்கமோ, அறிவு மந்தமோ ஆயுள் முழுதும் நின்றுவிடுகிறது.

இனி நீங்கள் மனத்தில் கொள்ளவேண்டிய ஒரு கணக்கைச் சொல்கிறேன். இக்கிருமி உடலில் புகுந்தவர்களில் சுமார் 250 பேருக்கு ஒருவர்தான் கடுமையான நோயில் விழுகிறார். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. மிஞ்சினால் இரண்டு நாள் தலைவலி, காய்ச்சல். ஆகவே ஒரு குழந்தை வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில், அச்சுற்று வட்டாரத்தில் நூற்றுக்கணக்கானோரைக் கிருமி தொட்டுப் போயிருக்கும். நோயாளியை எண்ணித்தான் நோயை அறிவோம் என்று காத்திருப்பது, வெள்ளம் வீட்டுக்குள் வந்தபின் ஏரிக்கரையைப் பார்க்கப் போவதைப் போன்றது.

அப்படியானால் அது எங்கே ஒளிந்திருக்கிறது? மடையான், வக்கா, கொக்கு முதலிய நீர்ப்பறவைகளின் இரத்தத்தில் அது காலங்காலமாக வாழ்கிறது. வயலில் தேங்கிய நீரில் பிறக்கும் க்யூலெக்ஸ் இனக் கொசுக்கள் அதைப் பறவையிடமிருந்து பன்றிக்குக் கொண்டுசேர்க்கின்றன. பன்றியின் உடலில் கிருமி பல மடங்காகப் பெருகி, கடிக்கும் கொசுக்களுக்கெல்லாம் சில நாட்கள் வரை தொற்றைத் தருகிறது. வளர்ந்த பன்றிக்கோ அதனால் பெரும்பாலும் நோய் தெரிவதில்லை. சினைப்பன்றி குட்டிகளைச் செத்துப் போடும், அவ்வளவே. மனித இரத்தத்தில் கொசுவுக்குத் தொற்றும் அளவுக்குக் கிருமி பெருகுவதில்லை. ஆதலால் நோயாளியிடமிருந்து அண்டை வீட்டாருக்கு இது பரவாது. நோய் கண்ட குடும்பத்தை ஒதுக்கி வைக்கும் ஊர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. அது அறியாமை, கொடுமையுங்கூட.

மாடு இதில் நமக்குத் துணை. இக்கொசு மாட்டையே அதிகம் நாடும். மாட்டின் உடலிலோ கிருமி பெருகுவதில்லை. எங்கு நோக்கினும் நெல் வயலாகிய தஞ்சை மாவட்டத்தில் கிராமக் குழந்தைகளிடம் இத்தொற்று குறைவாகவே இருக்கக் கண்ட ஆராய்ச்சியாளர்கள், அங்கு மாடுகள் மிகுந்தும் பன்றிகள் குறைந்தும் இருப்பதைக் காரணமாகக் கூறினர்.

துப்பறியும் வேலைக்கு வருவோம். மதுரையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிறுவிய பூச்சியியல் மையத்தார், பழைய தென்னார்க்காட்டுக் கிராமங்களில் 1990களில் இதைப் பல ஆண்டுகள் விடாமல் செய்தனர். பொழுது சாய்ந்ததும் மாட்டுத் தொழுவங்களில் கைவிளக்கும் உறிஞ்சு குழாயுமாக நின்று கொசுக்களைப் பிடிப்பார்கள். அவற்றை இனவாரியாகப் பிரித்து, குழாய்க்கு ஐம்பது வரை போட்டு அரைத்துச் சோதிப்பார்கள். இதில் ஒரு விந்தை உண்டு. டாக்ஸோரிங்கைட்டிஸ் என்றொரு பெரிய கொசு இனம்; அது மனிதனைக் கடிப்பதே இல்லை, செடிகளின் இனிப்புச் சாற்றையே உண்டு வாழ்கிறது. அரைத்த சாற்றை அதன் உடலில் ஏற்றிச் சில நாட்கள் வளர்த்து, பிறகு அதன் தலையை நசுக்கி ஒளிரும் சாயமிட்டுப் பார்த்தால், கிருமி இருந்தால் தெரிந்துவிடும். கொசுவைக் கொண்டே கொசுவின் களவைப் பிடிக்கும் வித்தை!

மற்றொரு வழி பன்றிக்குட்டியின் இரத்தம். முன்பு எதிர்ப்புப் பொருள் இல்லாத குட்டியின் இரத்தத்தில் பிறகு அது தோன்றுமானால், கிருமி அவ்வூரில் அண்மையில் நடமாடியது உறுதி. ஜப்பானில் பல ஆண்டுகளாகவே கோடைதோறும் இறைச்சிக்கு வரும் பன்றிகளின் இரத்தத்தைச் சோதித்து எச்சரிக்கை செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மாநிலங்களில் 2022இல் நடந்ததோ இதினும் நல்ல பாடம். பண்ணைகளில் குட்டிகள் செத்துப் பிறந்த பிறகே, அதுவரை இந்நோய் எட்டிப் பார்த்திராத அம்மாநிலங்களில் கிருமி புகுந்திருப்பது தெரியவந்தது.

டெங்குவின் போக்கு வேறு. அதில் மனிதனே கிருமியின் இருப்பிடம். கொசு பிறப்பதோ வயலில் அன்று, நம் வீட்டுத் தொட்டியிலும் உடைந்த பானையிலும் பழைய டயரிலும். தொற்றியவர்களில் ஏறக்குறைய நால்வரில் மூவர் நோய் அறியாமலே நடமாடிக் கிருமியைக் கொசுவுக்கு வழங்குகிறார்கள். நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரங்களில் புழு உள்ளது என்று பணியாளர்கள் எண்ணுவது இதற்காகவே. அவர் வரும்போது தொட்டியின் மூடியைத் திறந்து காட்ட மறுப்பவர் தம் குழந்தைக்கே தீங்கு தேடுகிறார்.

ஊராட்சிகள் செய்யவேண்டியவற்றைக் கூறுகிறேன். வலிப்புடன் கூடிய காய்ச்சல் எந்தத் தெருவில் கண்டாலும் மந்திரிப்பதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செய்தி போகவேண்டும். ஊரின் பெயர் கெடும் என்று மறைப்பது தகாது. பன்றிகள் குட்டிகளைச் செத்துப் போட்டால் கால்நடை மருத்துவரிடம் சொல்லவேண்டும். இரத்தம் எடுக்க வருபவரைச் சந்தேகிக்கக் கூடாது. எடுப்பது சில சொட்டுகள். அதைக் கொண்டு நூறு குடும்பங்களின் நிலை தெரிகிறது.

விவசாயிகளுக்கு ஒன்று. வயலில் எப்போதும் நீர் நிறுத்தாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால், புழு கொசுவாகுமுன் காய்ந்து சாகும். பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து செய்தாலன்றிப் பயன் குறைவு. ஆகவே மடை திறக்கும் முறையை ஊர்கூடித் தீர்மானிப்பது நலம். இதனோடு வேப்பம் பிண்ணாக்குப் பூசிய யூரியாவும் இட்டபோது புழுக்கள் பெரிதும் குறைந்ததை மதுரை மையத்தார் சோதித்துக் கண்டுள்ளனர். இப்போது மூட்டையில் வருவது வேப்பெண்ணெய் பூசியது. அது வேறு, இது வேறு என்பதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பன்றி வளர்ப்போரைப் பற்றியும் ஒரு சொல். இதையெல்லாம் கேட்டவுடன், 'அவர்களை ஊரைவிட்டு விரட்டுவோம்' என்று ஓர் உறுப்பினர் எழுந்து சொல்லக்கூடும். அவர்கள் பெரும்பாலும் நிலமற்ற ஏழைகள். பன்றியே அவர்கள் சேமிப்பு. விரட்டினால் பன்றிகளை மறைத்து வைப்பார்கள். நமக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கையும் போய்விடும். குடியிருப்புக்கு எட்டத்தில் கொட்டகைக்கு இடம் ஒதுக்கி, வலை கட்டித் தருவது ஊராட்சியின் சக்திக்கு உட்பட்டதே. அதற்கான தீர்மானம் வந்தால் மதிப்பீடு தயாரிக்க எங்கள் அலுவலகம் உதவும்.

இந்நோய் வழக்கமாகக் காணும் மாவட்டங்களில் குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் முடிந்ததும் ஒன்று, பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்துக்குள் ஒன்று என இரண்டு தடுப்பூசிகள் அரசாங்கச் செலவில் போடப்படுகின்றன. இரண்டாவதற்கு வராமல் நின்றுவிடும் பிள்ளைகளின் பட்டியல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் இருக்கும். இங்கு வந்துள்ள உறுப்பினர்கள் தத்தம் வார்டுக்குரிய பெயர்களை அவரிடம் கேட்டு வாங்கி, மழைக்கு முன்பே அந்த வீடுகளுக்குச் சென்று வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.