காஸ்கேடியா: மண்ணும் மரமும் ஏடும்



எழுதி வைப்பார் இல்லாத கரையில் நேர்ந்த ஒரு நிலநடுக்கத்திற்கு நாளும் வேளையும் குறிக்க இயலுமா? வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் அது நிகழ்ந்துள்ளது. வான்கூவர் தீவு முதல் வட கலிபோர்னியா வரை, ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீளத்திற்கு, கடற்புவித்தட்டு ஒன்று நிலத்தட்டின் அடியில் ஆண்டுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் வீதம் புகுகின்றது. காஸ்கேடியா என்பர் இதனை. 2004 டிசம்பர் 26-இல் நாகையையும் கடலூரையும் சூறையாடிய ஆழிப்பேரலை சுமத்திராவை அடுத்துப் பிறந்ததும் இத்தகைய எல்லையிலேதான். காஸ்கேடியாவிலோ எழுத்து வரலாற்றில் பெருநடுக்கமே இல்லை. ஆகவே அஞ்சத் தக்கதன்று என்றே 1980-கள் வரை பலர் எண்ணினர்.

பிரையன் அட்வாட்டர் என்னும் நிலவியலார் வாஷிங்டன் மாநிலக் கழிமுகங்களில் படகிற் சென்று கரைமண்ணைச் சுரண்டிப் பார்த்தார். அடியில் புல் முளைத்திருந்த மண்; அதன்மேல் கடல்மணல்; அதற்கும் மேல் சேறு. நிலம் திடீரெனத் தாழ, அலை மணலை வாரி இறைத்திருக்கின்றது என 1987-இல் எழுதினார். அருகே நின்றபடியே பட்டுப்போன சீடர் மரங்களின் வேர்களில் இறுதி வளையம் 1699-ஆம் ஆண்டினது.

நாளைத் தந்தது சப்பான். நிலம் அதிராமலே கடல் பொங்கி ஊர் புகுந்த செய்தியை, 1700 சனவரி இறுதியில், அந்நாட்டுக் கரையூர்களில் எழுதி வைத்திருந்தனர். தாயறியாப் பிள்ளை போன்ற அவ்வலை பசிபிக்கைக் கடந்த நேரத்தைக் கழித்து, 1700 சனவரி 26 இரவு சுமார் 9 மணி, அளவு ஏறக்குறைய 9 எனக் கென்ஜி சடாகே குழுவினர் 1996-இல் கணித்தனர்.

குளிர்கால இரவொன்றில் நிலம் குலுங்கிப் பச்சீனா விரிகுடாவில் ஓர் ஊரையே கடல் கொண்டதென வான்கூவர் தீவின் தொல்குடியினர் வழிவழியாகச் சொல்லி வந்தனர். கதையென ஒதுக்கியவர்கள் பின்னர் அதனைச் சான்றாக ஏற்றனர். வாய்மொழி வழக்குகளைத் தொகுப்போர்க்கு இது வியப்பன்று.

கடலடிச் சேற்றைத் துளைத்தெடுத்த கிறிஸ் கோல்டுஃபிங்கர் குழுவினர், 10,000 ஆண்டுகளில் எல்லை முழுதும் 19 முறை பிளந்ததென 2012-இல் அறிவித்தனர். இடைவெளிகள் ஒத்தவையல்ல, சராசரியைக் கொண்டு அடுத்த நாளைக் குறிக்க ஒண்ணாது. நடுக்கம் ஓய்ந்து அலை வரும்வரை கரையோரத்தார்க்குக் கிட்டுவன சில நிமிடங்களே. ஓடி ஏற மேடில்லாத வெஸ்ட்போர்ட் ஊரார், தங்கள் வரிப்பணத்தில் எழுப்பிய பள்ளியின் கூரையையே புகலிடமாக்கினர். ஏறக்குறைய 1,000 பேரைத் தாங்கும் அக்கட்டடம் 2016-இல் திறக்கப்பட்டது.